வேலை போன வருடத்தில் பிடித்த வரி திரும்பி வருமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். தனியார் கம்பனி ஒன்றில் மாதம் 250,000 ரூபா சம்பளம். 2025 செப்டெம்பர் முடிவில் ஆட்குறைப்பில் வேலை போனது. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, 2026 ஜனவரியிலிருந்து வேறிடத்தில் 120,000 ரூபாவுக்கு வேலை செய்கிறேன். காலஞ்சென்ற அப்பாவின் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் 20 இலட்சம் என் பெயரில் பிக்ஸட் டிபொசிட்டில் கிடக்கிறது. அதற்கு வட்டி 160,000 வந்தது. பழைய சம்பளத்தில் பிடித்த வரியை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வருவதில் கால்வாசி அவருக்கு. உள்நாட்டு இறைவரித் திணைக்கள இணையத்தளத்தில் நுழைவதற்கான என் பின் இலக்கத்தைக் கேட்கிறார். வட்டியைக் காட்டாமல் விட்டால்தான் கூடக் கிடைக்கும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பின் இலக்கத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் காசு திரும்பி வரக்கூடியதுதான், அதற்கு இந்த மனிதர் தேவையில்லை.

சம்பளத்தில் வரி பிடிப்பவர் அந்த மாதச் சம்பளத்தை மட்டும்தான் பார்ப்பார். வருடம் முழுவதும் இதே சம்பளம் வரும் என்ற கணக்கில் பிடிப்பார். வரிச் சட்டமோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை வந்த மொத்த வருமானத்தைப் பார்க்கிறது. உங்களைப் போல நடுவில் வேலை போனவர்களுக்கு இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 250,000 சம்பளத்துக்கு மாதம் 8,000 ரூபா பிடித்திருப்பார்கள். ஆறு மாதத்துக்கு 48,000. புதிய இடத்தில் சம்பளம் 150,000க்குக் கீழே, அங்கே பிடித்திருக்க மாட்டார்கள். வருடச் சம்பளம் 15 இலட்சமும் 360,000மும், அதாவது 1,860,000. வட்டியையும் சேர்த்தால் 2,020,000. இதில் 18 இலட்சத்துக்கு வரி இல்லை. மிச்சம் 220,000க்கு 6 வீதம், 13,200 ரூபா. இவ்வளவுதான் நீங்கள் கட்ட வேண்டிய வரி.

இனி வட்டிக்கு வருவோம். 2025 ஏப்ரலிலிருந்து வங்கிகள் வட்டியில் 10 வீதம் பிடிக்கின்றன. உங்களிடம் 16,000 பிடித்திருப்பார்கள். ஆக மொத்தம் 64,000 ஏற்கெனவே போய்விட்டது. அதில் 13,200 கழித்தால் உங்களுக்கு வர வேண்டியது 50,800. அந்த ஆள் சொல்வதுபோல வட்டியை மறைத்தால் வங்கி பிடித்த 16,000ஐயும் கேட்க முடியாது. அப்போது 44,400தான் வரும். பொய்யும் சொல்லி, 6,400 ரூபாவும் இழந்து, மிச்சத்தில் கால்வாசியை அவருக்கும் கொடுக்கப் போகிறீர்கள். வங்கிக் கணக்கில் உங்கள் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது, நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

போன வருடம் ஒருவர் நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். காலி வீதியோரக் கொமியூனிகேஷன் கடையொன்றில் யாரோ நிரப்பிக் கொடுத்த விபரத்திரட்டு, அதாவது வருட வருமானத்தையும் வரியையும் திணைக்களத்துக்குக் காட்டும் படிவம். பெயர் அவருடையது. மின்னஞ்சலும் கைபேசி இலக்கமும் அந்தத் தரகருடையவை. சம்பளம் என்ற கட்டத்தில் சைபர். திணைக்களம் அனுப்பிய அறிவித்தல் எல்லாம் தரகருக்கே போயிருக்கிறது, இவருக்கு ஒன்றுமே தெரியாது. மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த காசைப் பிடித்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பழைய கம்பனியிடமும் புதிய கம்பனியிடமும் டி-10 சான்றிதழை, அதாவது கொடுத்த சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் தாளை, வாங்குங்கள். பழைய இடம் இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள், பே சிலிப்புகளையும் வங்கிக் கூற்றையும் பத்திரமாக வையுங்கள். வங்கியிடம் வட்டியில் பிடித்த வரிக்கான சான்றிதழ் கேளுங்கள். டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள். விபரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 2026 நவம்பர் 30க்குள் போட வேண்டும். கடைசி வாரம் வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சந்தேகம் வந்தால் 1944க்கு எடுக்கலாம், இல்லாவிட்டால் கொம்பனித்தெருவில் உள்ள தலைமையகத்துக்கே நேரில் போகலாம்.

அப்புறம், வட்டி விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. இந்த வருடம் அது உங்களுக்கே பொருந்தும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் ஒரு சுயபிரகடனம் கொடுத்தால் அந்த 10 வீதத்தைப் பிடிக்கமாட்டார்கள். உங்கள் இப்போதைய சம்பளம் வருடத்துக்கு 1,440,000. வட்டியோடு 16 இலட்சம். அதனால் 2026 ஏப்ரலில் தொடங்கிய வருடத்துக்கு நீங்கள் கொடுக்கலாம். டின் இலக்கம் வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கியில் காசிருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். நடுவில் நல்ல வேலை கிடைத்து 18 இலட்சத்தைத் தாண்டுவீர்கள் போலிருந்தால் உடனே வங்கிக்கு அறிவியுங்கள், பிடிபடாமல் போன வரியை விபரத்திரட்டில் காட்டிக் கட்டுங்கள். இதைச் சொல்லாமல் படிவத்தில் கையொப்பம் மட்டும் வாங்கும் கிளைகள் உண்டு. வேலை எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத இந்தக் காலத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். அப்பாவின் அந்தப் பணம் உண்மையில் உங்கள் அம்மாவுக்குச் சேர வேண்டியது என்றால் முதிர்வு நாளில் அவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள், பிரகடனத்தையும் அவரே கொடுக்கட்டும்.

2023 ஜனவரியில் வரியை ஒரேயடியாக 36 வீதம் வரை ஏற்றியபோது சம்பளக்காரர்கள் ஆர்ப்பாட்டமும் வேலைநிறுத்தமும் செய்து பார்த்தார்கள், கடைசியில் கட்டத்தான் வேண்டியிருந்தது. பிடிப்பது மாதம் தவறாமல் நடக்கிறது. திருப்பித் தர மட்டும் விண்ணப்பம், கடிதம், காத்திருப்பு. வேலை போன மனுஷிக்கு 50,000 என்பது இரண்டு மாத வாடகையாக இருக்கலாம், அதைத் தருவதில் ஏன் இத்தனை சுணக்கம்? இந்தச் சுணக்கத்தை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். நீங்கள் போட்ட விபரத்திரட்டின் பிரதி, அது கிடைத்ததற்கான அத்தாட்சி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள்.