வாசகர் கேள்விகள்: ஹைடல்பெர்க் ஆஃப்செட் இயந்திரங்கள் வந்த வழி

கேள்வி: ஜெர்மனியின் அச்சு இயந்திர நிறுவனமான ஹைடல்பெர்க் தொடக்கத்திலிருந்தே ஆஃப்செட் இயந்திரங்களைத்தான் செய்துவந்ததா?

பதில்: இல்லை. (ஆஃப்செட் என்பது, பிளேட் என்ற தகட்டில் உள்ள மை உருவத்தை முதலில் ரப்பர் உறைமீது ஏற்றி, அதிலிருந்து தாளில் பதிக்கும் முறை.) தன் தொடக்க ஆண்டாக அந்நிறுவனம் சொல்லிக்கொள்வது 1850ஐ. அந்த ஆண்டில் ஆந்திரியாஸ் ஹாம் என்பவர் ஜெர்மனியின் ஃபிராங்கெந்தால் நகரில் நிறுவியது ஒரு மணி வார்ப்புப் பட்டறையும் அதனோடு சேர்ந்த இயந்திரத் தொழிற்சாலையும்தான். கொலோன் பேராலயத்துக்கான புகழ்பெற்ற பெருமணியை வார்த்தவர் அவரே. (பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி வார்த்த அந்த மணி, முதல் உலகப் போரின்போது மீண்டும் உருக்கப்பட்டது.) அச்சு இயந்திரங்களின் பக்கம் ஹாமின் பட்டறை வந்தது, ஆந்திரியாஸ் ஆல்பெர்ட்டோடு அவர் 1861 முதல் 1873 வரை கூட்டாகத் தொழில் நடத்திய காலத்தில். ஹாம் மறைந்தபின் நிறுவனம் கைமாறி, 1896இல் ஹைடல்பெர்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. அதன் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே முக்கியமாக உருவானவை, மேடாக நிற்கும் எழுத்துகளில் மை தடவி நேராகத் தாளில் பதிக்கும் எழுத்தச்சு இயந்திரங்களே. முதல் ஆஃப்செட் இயந்திரமான கே.ஓ.ஆர். 1962இல்தான் வெளிவந்தது.

கேள்வி: அப்படியானால் ஆஃப்செட்டில் முந்திக்கொண்டவர்கள் யார்? ஹைடல்பெர்க் ஏன் இவ்வளவு தாமதித்தது?

பதில்: காகிதத்தில் அச்சிடும் ஆஃப்செட் முறை 1904 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சாளரின் கூடத்தில் தற்செயலாகப் பிடிபட்டது. கல்லச்சு இயந்திரத்தில் தாள் செருகத் தவறினால், அழுத்தும் உருளையின் ரப்பர் உறைமீது மை பதிந்துவிடும்; அடுத்து வரும் தாளின் பின்புறத்தில் அந்த உருவம் ஏறும். இப்படி ரப்பர் வழியாகப் பதிந்த அச்சு, கல்லிலிருந்து நேராகப் பதிந்ததைவிடத் தெளிவாக இருந்ததை ரூபெல் கவனித்தார். ரப்பர் வழியாகத் தகரத்தில் அச்சிடும் முறை இங்கிலாந்தில் அதற்கும் முன்பே இருந்தது. ஜெர்மனியில் ஆஃபன்பாக் நகரத்து ஃபாபர் – ஷ்லைஷர் நிறுவனம் 1911இலேயே ‘ரோலண்ட்’ என்ற பெயரில் ஆஃப்செட் இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஆக, ஹைடல்பெர்க் அரை நூற்றாண்டு பிந்தியே வந்தது.

தாமதத்துக்குக் காரணம் அறியாமை அல்ல, வெற்றி தந்த சௌகரியம் என்பதே என் கணிப்பு. அந்நிறுவனத்தின் தானியங்கி ட்ரெடிலான (தட்டையான பரப்பில் தாளை அழுத்தும் எழுத்தச்சு இயந்திரம்) ‘விண்ட்மில்’, 1914இல் லைப்சிக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, 1985 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரானது. 1926 முதல் அதைத் தொடர்வரிசை முறையில் ஒன்று சேர்த்தார்கள். அந்த அளவுக்கு விற்பனை நடந்துகொண்டிருந்தபோது வேறு தொழில்நுட்பத்துக்குத் தாவ வேண்டிய நெருக்கடி எதுவும் எழவில்லை. வாங்குபவர்களின் நிலையும் அதற்கு ஒத்தே இருந்தது. சின்ன அச்சகங்களிடம் ஈய எழுத்துகள் இருந்தன. ஆஃப்செட்டுக்கு மாற வேண்டுமானால் கேமரா, ஃபிலிம், பிளேட் தயாரிக்கும் அறை எல்லாமே புதிதாகத் தேவைப்பட்டன. ஒளியுணர் பூச்சு முன்கூட்டியே பூசப்பட்ட அலுமினிய பிளேட்டுகள் 1951இல் சந்தைக்கு வந்த பிறகுதான் அந்தத் தடை தளரத் தொடங்கியது.

கேள்வி: எழுத்தச்சு இயந்திரம் செய்தவர்கள் ஆஃப்செட்டில் இவ்வளவு விரைவாக முன்னணிக்கு வர முடிந்தது எப்படி?

பதில்: ஆஃப்செட் என்றதும் நாம் மையையும், பிளேட்டில் உருவம் இல்லாத இடத்தில் மை ஒட்டாமல் தடுக்கும் நீரையும் பற்றியே பேசுகிறோம். ஆனால் தாள் தாளாக அச்சிடும் இயந்திரத்தில் கடினமான காரியம் தாளைக் கையாள்வதே. அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுத்து, முன் நிறுத்தத்திலும் பக்க நிறுத்தத்திலும் முட்டவைத்து நேராக்கி, அசையாமல் நிற்கும் அந்தத் தாளை ஒரு கணத்தில் சுழலும் உருளையின் வேகத்துக்குக் கொண்டுவந்து, தாளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிரிப்பரிலிருந்து இன்னொரு கிரிப்பருக்கு நழுவாமல் கைமாற்ற வேண்டும். நான்கு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழையும் விலகாமல் பதிவதற்கு அடிப்படை இதுவே.

ஹைடல்பெர்க் இந்த வித்தையைப் பழகியது விண்ட்மில்லில். கொலோன் நகரத்து அச்சாளரான கார்ல் கில்கே என்பவர் உருவாக்கிய அமைப்பு அது. காற்றாலையின் இறக்கைகளைப் போல எதிரெதிராக நீண்ட இரண்டு கைகள் சுழலும். ஒரு கை புதிய தாளைப் பிடித்து அச்சுப் பரப்புக்கு முன்னே கொண்டுவரும் வேளையில் மற்றொன்று அச்சான தாளை வெளியே சேர்க்கும். தாளை மனிதக் கை செருக வேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது. தொடக்கத்தில் மணிக்குச் சுமார் 1,000 தாள்கள் ஓடின. பின்னர் வந்த உருளை எழுத்தச்சு இயந்திரங்களும் இதே திறனை வளர்த்தன. ஆகவே 1962இல் கே.ஓ.ஆர். வந்தபோது நீர் உருளைகளும் ரப்பர் உறை போர்த்திய பிளாங்கெட் உருளையும்தான் அந்தத் தொழிற்சாலைக்குப் புதியவை. தாளை ஊட்டும் ஃபீடரும் கிரிப்பரும் அவர்களுக்குக் கைவந்த கலை. மூன்றே ஆண்டுகளில், 46 × 64 செ.மீ. தாளை ஏற்கும் கே.ஓ.ஆர்.டி. வந்தது. 1972இல் வந்த ஜி.டி.ஓ. சிறிய அச்சகங்களின் இயந்திரமானது. எண் அச்சிடுவதையும் துளைக்கோடு போடுவதையும் அச்சோடு சேர்த்தே முடிக்கும் இணைப்புகளை அதில் பொருத்திக்கொள்ள முடிந்ததால், பில் புத்தகமும் நுழைவுச் சீட்டும் அடிப்பவர்கள் அதைக் கைவிடவே இல்லை. 1974இல் 72 × 102 செ.மீ. அளவில் முதல் ஸ்பீட்மாஸ்டர் வந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2004இல் அறிமுகமான எக்ஸ்.எல். 105 மணிக்கு 18,000 தாள்களை எட்டியது; அதாவது நொடிக்கு ஐந்து தாள்கள் நின்று, நேராகி, புறப்பட வேண்டும்.

கேள்வி: மாடல் பெயரோடு வரும் எண்ணும் எழுத்தும் எதைக் குறிக்கின்றன?

பதில்: எண் என்பது தாளின் நீண்ட பக்கம், சென்டிமீட்டரில். இசட், வி, எஃப் ஆகிய எழுத்துகள் முறையே இரண்டு, நான்கு, ஐந்து நிற யூனிட்டுகளைக் (ஒவ்வொரு நிறத்தையும் அச்சிடும் தனிப் பகுதி) குறிக்கும். பி இருந்தால் இருபுறமும் அச்சிடும் வசதி உண்டு.

கேள்வி: 1977இல் வந்த, மையை மேசையிலிருந்தே கட்டுப்படுத்தும் சி.பி.சி. அமைப்பு உண்மையிலேயே பெரிய மாற்றமா, அல்லது விளம்பரமா?

பதில்: பெரிய மாற்றமே. மைத்தொட்டியின் அகலம் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தாளின் அந்தந்தப் பட்டையில் எவ்வளவு மை விழ வேண்டும் என்பதை ஒவ்வொரு மண்டலத்திலும் உள்ள இங்க் கீ என்ற திருகாணி தீர்மானிக்கும். 102 அளவு இயந்திரத்தில் ஒரு யூனிட்டுக்கு 32 கீகள், நான்கு நிறத்துக்கு 128. முன்பெல்லாம் அச்சாளர், அச்சான தாள்கள் வந்து சேரும் டெலிவரியில் ஒரு தாளை உருவிப் பார்த்து, யூனிட்டுக்கு நடந்துபோய்த் திருகி, திரும்பி வந்து மறுபடியும் தாளைப் பார்ப்பார். அதற்குள் காகிதம் வீணாகிக்கொண்டே இருக்கும். சி.பி.சி. இந்தத் திருகாணிகளை மோட்டார்களிடம் ஒப்படைத்து, தாளை விரித்துப் பார்க்கும் மேசையிலேயே பொத்தான்களை வைத்தது. வேலையின் அமைப்புகளைப் பதிந்துவைத்து, அதே வேலை மீண்டும் வரும்போது திரும்ப அழைக்கவும் வழி பிறந்தது. வேகத்தைக் கூட்டிய எந்த மாடலையும்விட இதுவே அச்சகங்களுக்கு அதிக லாபம் தந்தது என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: இயந்திரத்துக்குள்ளேயே பிளேட்டில் உருவம் பதிக்கும் ‘டி.ஐ.’ முறை என்னவாயிற்று?

பதில்: அமெரிக்காவின் பிரெஸ்டெக் நிறுவனத்தோடு சேர்ந்து 1991இல் ஜி.டி.ஓ. டி.ஐ.யையும், 1995இல் ஒரே அழுத்த உருளையைச் சுற்றி நான்கு நிறங்களை அமைத்த குவிக்மாஸ்டர் டி.ஐ.யையும் ஹைடல்பெர்க் கொண்டுவந்தது. பிந்தையதில் பிளேட் சுருள் உருளைக்குள்ளேயே இருக்கும், லேசர் உருவத்தைப் பதிக்கும், நீரும் தேவையில்லை. குறை ஒன்றே: பிளேட்டில் உருவம் பதியும் நேரம் முழுவதும் இயந்திரம் அச்சிடாமல் சும்மா நிற்கிறது. தனியாகப் பிளேட் தயாரிக்கும் கணினிக் கருவிகள் பரவலான பிறகு அந்தக் காத்திருப்பு யாருக்கும் கட்டுபடியாகவில்லை.

நிறுவனம் அக்காலத்தில் தாளைத் தாண்டியும் கால் வைத்திருந்தது. 1988இல் ஹாரிஸ் நிறுவனத்தை வாங்கிச் சுருள்காகித இயந்திரங்களிலும், கோடாக்குடன் கூட்டாக டிஜிட்டல் அச்சிலும் இறங்கியது. 2004இல் முதலாவதை காஸ் நிறுவனத்துக்கும் இரண்டாவதை கோடாக்குக்கும் கொடுத்துவிட்டு, தாள் இயந்திரங்களுக்கே திரும்பியது.

கேள்வி: இருபுறமும் அச்சிடும் பழைய ஸ்பீட்மாஸ்டரில் முன்பக்கம் சரியாகவும் பின்பக்கம் விலகியும் விழுகிறது. இயந்திரக் கோளாறா?

பதில்: முதலில் காகிதத்தை அளந்து பாருங்கள். திருப்பும் உருளை தாளின் வால் முனையைப் பிடித்தே அதைப் புரட்டுகிறது. முன்பக்கத்துக்குத் தலையாக இருந்த விளிம்பு பின்பக்கத்துக்கு வாலாகிவிடும். ஆகவே எல்லாத் தாள்களும் ஒரே நீளத்தில், மூலை சரியாக வெட்டப்பட்டிருந்தால் மட்டுமே இரண்டு பக்கமும் பொருந்தும். கட்டிங் சரியாக இருந்தும் விலகல் தொடர்ந்தால், அந்த உருளையின் கிரிப்பர்களைச் சுத்தம் செய்து தேய்மானம் பாருங்கள். அதன் பிறகு, ஒருபுற அச்சிலிருந்து இருபுற அச்சுக்கு மாற்றும்போது தாள் நீளத்துக்கான அமைப்பு சரியாக வைக்கப்பட்டதா என்று மெக்கானிக்கைக் கொண்டு சோதியுங்கள்.