தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதுமா?

கேள்வி: 2012-ல் வாங்கிய சான்ட்ரோ ஜிங் பெட்ரோல் கார், 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பணி ஓய்வு பெற்றுவிட்டதால் இனி மாதம் 150 கி.மீ. ஓடினாலே அதிகம். தினமும் காலையில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கிறேன். 10,000 கி.மீ. ஆக ஐந்தாறு வருடம் பிடிக்கும். அதுவரை சர்வீஸ் தேவையா? (வாசகர், கடலூர்)

முதலில் அந்தப் பத்து நிமிடத்தை நிறுத்துங்கள். காருக்கு நல்லது என்று நினைத்துச் செய்கிறீர்கள், நடப்பது நேர்மாறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் ஆயிலும் சைலன்சரும் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. ஆவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்து, ஆயிலில் கலக்கிறது. சைலன்சருக்குள் தேங்கி அதை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது. ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜும் ஐடிலிங்கில் சரியாகத் திரும்புவதில்லை.

ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் திரண்டதுபோல் வெளிறிய பசை ஒட்டியிருந்தால் அது இந்த ஈரம்தான். உடனே பதற வேண்டாம். துடைத்துவிட்டு, கூலன்ட் டப்பாவில் மட்டத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் நன்றாக ஓட்டிய பிறகும் பசை வந்து, கூலன்ட்டும் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் போகலாம்.

தினசரி பத்து நிமிடத்துக்குப் பதில், வாரம் ஒருமுறை 25 முதல் 30 நிமிடம் சாலையில் ஓட்டுங்கள். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் குறைந்தது 15 நிமிடம் ஓட வேண்டும். அதில் பத்து நிமிடம் ஏசி ஓடட்டும், மழைக்காலத்திலும்தான். கம்ப்ரஸரின் சீல் காயாமல் இருப்பது கேஸோடு சுற்றிவரும் எண்ணெயால்தான். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் கேஸ் கசியத் தொடங்கும்.

சர்வீஸ் விஷயத்தில் இனி கிலோமீட்டரை மறந்துவிட்டு காலண்டரைப் பாருங்கள். 2,000 கி.மீ.தான் ஓடியது என்றாலும் வருடம் ஒருமுறை இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பழைய இன்ஜின் என்று சொல்லி கெட்டியான ஆயிலை ஊற்றச் சம்மதிக்காதீர்கள். கையேட்டில் உள்ள கிரேடே போதும். ஆயில் குடிக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்: சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து மட்டத்தைக் குறித்து, 500 கி.மீ. கழித்து மறுபடி ஒப்பிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூலன்ட்டைக் கையேடு சொல்லும் கால அளவில்.

இவை எல்லாவற்றையும்விட அவசரம், டைமிங் பெல்ட். வால்வுகள் பிஸ்டனோடு நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது இதுதான். உங்கள் 1.1 லிட்டர் இன்ஜினில் இருப்பது செயின் அல்ல, ரப்பர் பெல்ட். கார் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, பழைய காரின் விலைக்குப் பக்கத்தில் செலவு வந்துவிடும். கடைசியாக மாற்றியதற்கு ரசீது இல்லையென்றாலோ, ஐந்து வருடம் தாண்டிவிட்டது என்றாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள். பிரிக்கும் கூலி ஒன்றுதான். பழைய பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போகும்.

பேட்டரிக்கு ஒரு சின்னக் கணக்கு. சாவி இல்லாதபோதும் கடிகாரம், அலாரம், இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாம் சேர்ந்து சுமார் 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது நாளில் 21 ஆம்பியர்-அவருக்கு மேல். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி! காரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் வெளியூர் போனால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள்.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது தண்ணீரை ஈர்க்கும்; ஈரம் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எனவே காலி இடத்தில் ஈரக்காற்று சேராமலிருக்க டேங்க்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள், ஐப்பசி மழைக்கு முன் இன்னும் கொஞ்சம் நிரப்புங்கள், போட்ட பெட்ரோலை இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். உங்கள் கார் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டதல்ல. சர்வீஸின்போது பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிசுபிசுப்போ, வீக்கமோ, வெடிப்போ தெரிந்தால் மாற்ற வேண்டும்.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கடற்காற்றில் பின் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஓட்டும் முதல் நாலைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தால் அது டிஸ்க் மேல் படிந்த லேசான துரு, தேய்ந்து போய்விடும். டயரில் பட்டன் ஆழமாக இருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 1418 என்றால் 2018-ன் 14-வது வாரம் செய்தது. ஏழு வருடம் கடந்தால் ஸ்டெப்னி உட்பட மாற்றலாம். மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை, கடித்த ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பதிவு 2012 என்றால் ஆர்.சி. (பதிவுச் சான்று) 2027-ல் முடியும். புதுப்பிக்கப் படிவம் 25-ஐ காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் கொடுக்கலாம்; காரை நேரில் காட்ட வேண்டும், கிடைப்பது ஐந்து வருடம். அடித்தட்டுத் துருவையும் விளக்குகளையும் அதற்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். கார் நின்றபடியே இருந்தாலும் இன்சூரன்ஸையும் புகைச் சான்றையும் காலாவதியாக விடாதீர்கள்.