டேன்டம் சைக்கிளுக்கு டவுன்ஹில் ஃபோர்க் போடலாமா?

கேள்வி: நானும் மனைவியும் மலைப்பாதையில் ஓட்டும் டேன்டம் (இருவர் முன்பின் அமர்ந்து மிதிக்கும் சைக்கிள்) பழையது. 26 அங்குலச் சக்கரம், 1⅛ அங்குல நேர் ஸ்டியரர் (ஃபோர்க்கின் மேல்முனையில் ஃபிரேமுக்குள் நுழையும் குழாய்), 100 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை). இறக்கத்தில் டிஸ்க் பிரேக் பிடித்தால் ஃபோர்க் அடிவரை அமுங்கி, பின்னோக்கி வளைந்து நடுங்குகிறது. டவுன்ஹில் பைக்கில் (மலையிறக்க சைக்கிள்) இருந்த, 200 மி.மீ. அமுங்கும் இரட்டை கிரவுன் ஃபோர்க் (இரு கால்களையும் மேலும் கீழும் இரண்டு பட்டைகள் பிடித்திருப்பது) ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வாங்கலாமா, இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங் போட்டால் போதுமா?

பதில்: ஸ்பிரிங் மாற்றினால் அமுங்குவது குறையும், வளைவது குறையாது. தனி சைக்கிளில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கும். அதற்குமேல் யாரும் பிடிப்பதில்லை. டேன்டம் நீளமானது, எளிதில் தூக்காது. இரண்டு பேர் எடையோடு அந்த பிரேக் விசை முழுவதும் ஃபோர்க் மேல்தான் இறங்குகிறது. உங்களுடையது 9 மி.மீ. குவிக் ரிலீஸ் ஆக்சில் (கைநெம்பால் கழற்றும் சக்கர அச்சு) என்றால் இன்னும் கவனம் தேவை: டிஸ்க் பிரேக்கின் விசை ஆக்சிலை டிராப்அவுட்டிலிருந்து (அச்சு உட்காரும் ஃபோர்க் நுனிப் பள்ளம்) கீழே தள்ளப் பார்க்கும். அதனால் ஃபோர்க்கை மாற்றுவதுதான் சரி.

இரட்டை கிரவுன் ஃபோர்க் உறுதியானது. ஃபாக்ஸ் 40 போன்றவற்றில் உட்குழாய் (கீழ்க்குழாய்க்குள் சறுக்கும் குழாய்) 40 மி.மீ. விட்டம். ஸ்டியரரும் பெரும்பாலும் 1⅛ அங்குல நேர்குழாய்தான் என்பதால் உங்கள் ஃபிரேமில் நுழைந்துவிடும். சிக்கல் உயரத்தில். இப்போதுள்ளதைவிட அது சுமார் 10 செ.மீ. நீளம். உங்கள் சைக்கிளின் சக்கர இடைவெளி 175 செ.மீ. என்று வைத்தால், ஃபிரேம் 3 டிகிரிக்கு மேல் பின்னால் சாயும். மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் அலையும். நீளமான ஃபோர்க் ஹெட் டியூபை (ஸ்டியரர் நுழையும் ஃபிரேம் குழாய்) அதிக நெம்புவிசையோடு இழுக்கும், பழைய அலுமினிய ஃபிரேமில் இதை நான் துணிய மாட்டேன்.

உள்ளே ஸ்பேசர் போட்டு 120, 130 மி.மீ. அளவுக்குக் குறைக்க முடிகிற மாடலா என்று சஸ்பென்ஷன் மெக்கானிக்கிடம் கேளுங்கள். முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். கிரவுன்களை உட்குழாயில் கீழே இறக்கி உயரத்தைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பயணத்தை (ஃபோர்க் அமுங்கும் தூரத்தை) குறைக்காமல் அதைச் செய்தால், ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயர் கீழ் கிரவுனில் இடித்துச் சக்கரம் நின்றுவிடும். பொருத்தியதும் ஃபோர்க்கின் காற்றை இறக்கி, அல்லது ஸ்பிரிங்கைக் கழற்றி, அடிவரை அமுக்கிப் பாருங்கள்; டயருக்கு மேல் 1 செ.மீ.யாவது இடம் வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, குழாய் ஃபிரேமில் மோதாதபடி ரப்பர் தடுப்பு போடுங்கள்.

காசு கொடுக்கும் முன் ஸ்டியரரை அளந்து பாருங்கள். வேறு ஃபிரேமுக்காகக் குட்டையாக வெட்டியிருந்தால் உங்களுக்கு உதவாது. 20 மி.மீ. ஆக்சிலுக்கான ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), சக்கரம் கட்டும் கூலி, 203 மி.மீ. டிஸ்க் எல்லாம் தனிச் செலவு, அதையும் சேர்த்தே விலை பேசுங்கள். பல ஃபோர்க் நிறுவனங்கள் டேன்டத்தில் போட்டால் வாரண்டி தருவதில்லை. ஃபிரேம் தயாரிப்பாளரிடமும் எவ்வளவு நீள ஃபோர்க் தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நானாக இருந்தால் 36 மி.மீ. உட்குழாய், 20 மி.மீ. ஆக்சில், நேர் ஸ்டியரர் உள்ள பழைய ஒற்றை கிரவுன் ஃபோர்க்கை முதலில் தேடுவேன். 2000-களின் நடுவில் வந்த ஃபாக்ஸ் 36 அப்படிப்பட்டது. அதில் பயணத்தை வெளியிலிருந்தே குறைக்கக்கூடிய டாலஸ் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் சீல் கிட் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இப்போதும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.