பீட்டில்ஸ் இசைக்குழு வேறொரு பாடகரை நட்சத்திரமாகக் கொண்ட நிகழ்ச்சியில் துணைக் கலைஞர்களாக மேடையேறியது உண்டா?

உண்டு, அதுவும் ஒரு பள்ளி வயதுப் பெண்ணுக்கு. 1963 பிப்ரவரி 2 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் நட்சத்திரம் 16 வயதுப் பாடகி ஹெலன் ஷாப்பிரோ. சுவரொட்டியில் அவர் பெயர்தான் பெரிது. அந்த ஆண்டின் கடுங்குளிரில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார்கள். பீட்டில்ஸின் ஜான் லெனன் தன்னை அண்ணன் போலப் பார்த்துக்கொண்டதை ஹெலன் பின்னாளில் வாஞ்சையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

லெனனும் அதே குழுவின் பால் மெக்கார்ட்னியும் ஹெலனுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார்கள். அவருடைய இசைத்தட்டுத் தரப்பு வேண்டாம் என்றுவிட்டது! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. உடன் பயணித்த பாடகர் கென்னி லிஞ்ச் அதைப் பாடிப் பதிவு செய்தார். பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் நால்வரும் லண்டனில் ஒரே நாளில் 10 பாடல்களைப் பதிவு செய்துவிட்டுப் பயணத்துக்குத் திரும்பினார்கள். பயணம் முடிவதற்குள் நிகழ்ச்சியின் முதல் பாதியை முடித்துவைக்கும் இடம் அவர்களுக்கு வந்துவிட்டது.