கிளீனர் சீட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கட மாமாவின் நெல் லொறியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்ததை வாசித்தேன். நான் கொக்கட்டிச்சோலை. ஓ.எல். எழுதிப்போட்டு இரண்டு வருஷமாக ஒரு கராஜில் வேலை பழகுகிறேன். பிரேக் வேலை, கிளச் பிளேட் மாற்றுவது எல்லாம் தனியாகச் செய்வேன். போனில் ராலி ஓட்டம் பார்த்துப் பார்த்து அதிலேயே பைத்தியமாகிவிட்டேன். ராலி டிரைவராக வரவேண்டும். அப்பாவிடம் சொன்னால், "ரோட்டில ஓடுறதுக்கு எவன்டா சம்பளம் தருவான்" என்கிறார். இது ஒரு தொழிலா? இங்கே இருந்துகொண்டு இப்படி ஆசைப்படலாமா? இரவில் எங்கட கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டிப் பழகி வருகிறேன். என் பெயரைப் போடவேண்டாம். முதலாளி உங்கள் எழுத்தை வாசிக்கிறவர்.

வாசகர், கொக்கட்டிச்சோலை

தம்பி,

அந்த இரவு ஓட்டத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. படுவான்கரையில் இருட்டினால் ரோட்டில் யானை நிற்கும், பின்விளக்கு இல்லாத உழவு மெஷின் நிற்கும். ராலியில் நேரம் பார்த்து ஓடுகிற பகுதி முழுவதும் மூடிய வீதி. ஒரு பகுதி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது உலக சம்பியனும் நம்பர் பிளேட் போட்ட காரில், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் பின்னால், வேகக் கட்டுப்பாட்டுக்குள்தான் போகவேண்டும். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்க்க வந்த சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் செத்தார்கள். அதில் ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. அது ராலியும் இல்லை, வட்டப் பாதையில் ஓடும் போட்டி. போட்டிக்கென்றே போட்ட பாதையில் அப்படி.

அப்பா கேட்டது சரியான கேள்வி. உலக சம்பியன்ஷிப்பில் டொயோட்டா, ஹூண்டாய் மாதிரிக் கம்பனிக் கார்களைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்றவர்களில் பலர் காசு கொடுத்து ஓட்டுகிறவர்கள். காசு அப்பனுடையதாக இருக்கும், அல்லது காரில் ஸ்டிக்கர் ஒட்டுகிற கம்பனியுடையதாக இருக்கும். 2022இல் 22 வயதில் உலகப் பட்டம் எடுத்த கல்லே ரொவன்பெராவின் தகப்பனும் ராலி டிரைவர். எட்டு வயதில் மகன் பனிக்கட்டி ஏரியில் காரை இழுத்து வளைக்கிற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டில் எட்டு வயதில் சைக்கிளுக்கே அடி விழுந்தது.

செபாஸ்டியன் லோப் வேறு மாதிரி. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய பையன், எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர். பிரான்சின் மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் இளம் ஆட்களைச் சோதித்துப் பொறுக்குகிற ஒரு திட்டம் நடத்தியது. அந்த வாசலால் வந்து 2004 முதல் 2012 வரை தொடர்ச்சியாக 9 உலகப் பட்டம் எடுத்தார். பிறகு பல உலகப் பட்டம் எடுத்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஓஜியே வந்ததும் அதே வாசலால்தான். இந்தியாவின் கௌரவ் கில் ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை மூன்று முறை வென்று 2019இல் அர்ஜுனா விருது வாங்கினார். அவருக்குப் பின்னால் ரயர்க் கம்பனிகளும் கார்க் கம்பனிகளும் நின்றன. நமக்கு அந்த வாசலும் இல்லை, அந்த முதுகும் இல்லை. இதை இனிப்புப் பூசிச் சொல்ல எனக்கு வராது.

ஆனால் உங்கள் கடிதம் முழுக்க ஒரு சீட்டைப் பற்றித்தான். ராலிக் காரில் சீட் இரண்டு.

நான் மாமாவின் லொறியைப் பற்றி எழுதியபோது விட்டுவிட்ட ஒரு கதை இருக்கிறது, வெட்கத்தில். எனக்குப் பதினாலு வயது. உன்னிச்சைப் பக்கம் அறுவடை. கிளீனர் பொடியனுக்குக் காய்ச்சல், அவன் இடத்தில் என்னை ஏற்றினார் மாமா. இரவு மழை, ஒரு லைட் செத்துப்போயிற்று, அதுவும் என் பக்கத்து லைட். "உன்ட பக்கத்து ஓரத்தைப் பாத்துச் சொல்லிக்கொண்டே வா மனே" என்றார். நான் தலையை வெளியே நீட்டிக் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே வந்தேன். மதகு தெரிந்தது. வெள்ளைக் கட்டு மழையில் மினுங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. "மதகு" என்று கத்தினேன். கத்தும்போது பின்சில்லு அதில் ஏறி இறங்கிவிட்டது. இரண்டு மூட்டை நெல் வாய்க்காலுக்குள். மாமா இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுகா சொன்னார்: "நீ சொன்னது சரிதான்டா. வந்தாப்பிறகு சொன்னா அது எனக்கும் தெரியும்தானே."

ராலிக் காரின் மற்றச் சீட்டில் இருக்கிறவர் கோ-டிரைவர். அவரின் வேலை முழுவதும் மாமாவின் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. ஓட்டத்துக்கு முன் இருவரும் சாதாரணக் காரில், மெதுவாக, அதே வீதியை இரண்டு தடவை போய்ப் பார்ப்பார்கள். முதல் தடவை டிரைவர் சொல்லச் சொல்ல மற்றவர் கொப்பியில் எழுதுவார். இரண்டாம் தடவை வாசித்துத் திருத்துவார்கள். வளைவுக்கு ஒரு நம்பர், அடுத்ததற்கு எத்தனை மீட்டர், மேடு, பள்ளம், உள்பக்கம் வெட்டலாமா கூடாதா. பலர் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் வைக்கிறார்கள். எண் குறையக் குறைய வளைவு இறுகும். சிலர் தலைகீழாக வைப்பார்கள். ஓட்டத்தில் டிரைவரின் கண் இந்த வளைவில் இருக்கும், காது அடுத்த வளைவில். இரண்டு பேருக்கும் ஹெல்மெட்டுக்குள் மைக். சொல் முந்தினால் டிரைவர் மறந்துபோவார், பிந்தினால் மதகு.

2022 மொன்டே கார்லோ ராலியில் 47 வயது லோப் வென்றபோது பக்கத்தில் கொப்பியோடு இருந்தவர் இசபெல் கல்மிஷ். அவர் கணித ஆசிரியை. 10.5 வினாடியில் ஓஜியேயை முந்தினார்கள். அந்தப் பெண் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனால் வெற்றிக் கணக்கில் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நேர அட்டையும் கோ-டிரைவரின் பொறுப்புத்தான். வழியில் நேரம் பதிகிற இடத்துக்குக் குறித்த நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பிந்திப் போனால் 10 வினாடித் தண்டம், ஒரு நிமிடம் முந்திப் போனால் முழுதாக ஒரு நிமிடம். முந்திப் போனதற்கு இப்படித் தண்டம் போடுகிற இடம் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

உங்களுக்குப் பிடிக்கப்போகிற விதி இன்னொன்று. சர்வீஸ் இடத்துக்கு வெளியே மெக்கானிக் காரைத் தொடக்கூடாது. வழியில் உடைந்தால் அந்த இரண்டு பேரும், காருக்குள் இருக்கிற சாவிகளையும் சாமான்களையும் வைத்துத்தான் கட்டவேண்டும். பிரேக் வேலை தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்தால் டிரைவருக்கு அது ஒரு தைரியம். எல்லா நாளும் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். 1998இல் கார்லோஸ் சைன்ஸுக்கு உலகப் பட்டம் கையில் வந்துவிட்டது, கடைசிப் பகுதியின் முடிவுக்கு இன்னும் சில நூறு மீட்டர்தான். இஞ்சின் நின்றது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா "ஸ்டார்ட் பண்ணிப் பார், ஸ்டார்ட் பண்ணிப் பார்" என்று கெஞ்சினார். எழும்பவேயில்லை. பட்டம் போட்டியாளர் டொமி மக்கினனுக்குப் போனது.

இந்தச் சீட்டிலும் ஆரம்பத்தில் சம்பளம் வராது. கராஜ் வேலையை விடவேண்டாம். ஆனால் இதைப் பழகக் காரும் வேண்டாம், அப்பாவின் காணியை விற்கவும் வேண்டாம். காசர்கோட்டுக்காரர் மூசா ஷெரீப் இந்தியாவில் கில்லின் பல ஓட்டங்களில் பக்கத்தில் இருந்து பெயர் எடுத்தவர். காசர்கோடும் பெரிய நகரம் இல்லை.

ஒரு வேலை தருகிறேன். மண்முனைப் பாலத்திலிருந்து உங்கள் கராஜ் வாசல் வரை பகலில் சைக்கிளில் போய் ரோட்டை எழுதுங்கள், தமிழில். அங்கேதான் ஒரு சிக்கல் வரும். "வலது", "இடது" இரண்டும் ஒரே மாதிரி முடிகிற சொல்; இஞ்சின் இரைச்சலில் முதல் எழுத்தை விழுங்கினால் கார் வாய்க்காலுக்குள். "சோத்தாங்கைப் பக்கம் கிறுகு" என்று சொல்லி முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும். சொல்லைச் சுருக்குங்கள், வேண்டுமானால் புதிதாகக் கட்டுங்கள். மேட்டுக்கு என்ன, மாடு படுக்கிற இடத்துக்கு என்ன, கிரவல் முடிந்து தார் தொடங்கும் இடத்துக்கு என்ன என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். அந்தக் கொப்பியை எனக்கு அனுப்பினால், தெரிந்த ஓட்டோவில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் உங்கள் எழுத்தை மட்டும் வாசித்துக்கொண்டு வருவேன். எந்த இடத்தில் பிழைத்தது என்று எழுதுகிறேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முதல் அனுப்புங்கள். அதற்குப் பிறகு எனக்கு வயல் வேலை.