சிரிப்பது புரிந்து அல்ல

அன்புள்ள மேடம்,

சொந்த ஊர் கோபி பக்கம். கோவையில் மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறேன். ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடித்து, இப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப். மொழி வகுப்பில் நான்தான் சரளம். இங்கே மதியச் சாப்பாட்டு மேஜையில் பாதிகூட விளங்கவில்லை. எல்லோரும் சிரித்தால் நானும் சிரிக்கிறேன். சூப்பர்வைசர் 'புரிந்ததா?' என்றால் 'யா' என்று தலையாட்டுகிறேன். ரூமுக்கு வந்தால் வாய் திறக்கவே பிடிப்பதில்லை. நாலரைக்கே இருட்டு, ஞாயிறானால் கடைகளும் அடைப்பு. அப்பா மஞ்சள் விற்ற காசோடு கடனும் வாங்கி அனுப்பினார். அவரிடம் 'நல்லா இருக்கறனுங்ப்பா' என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எனக்கு இந்த மொழி வரவே வராதோ?

– ஒரு மாணவி

கண்ணு,

நீ படித்தது ஹோக்டாய்ச் என்கிற பொதுவழக்கு. அந்த மேஜையில் ஓடுவது ஷ்வேபிஷ் என்கிற வட்டார வழக்கு. புத்தகத் தமிழ் படித்த வெள்ளைக்காரரைக் கோபி சந்தையில் விட்டு, 'அக்கட்டால போயி நில்லுங்' என்றால் அவரும் முழிக்கத்தான் செய்வார். 'எங்களுக்கு எல்லாம் வரும், ஹோக்டாய்ச் தவிர' என்று ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமே 1999-இல் விளம்பரம் செய்ததாக்கும்! பி1 என்பதே, தெளிவான பொதுவழக்கில் பேசினால் முக்கியமானதைப் பிடிக்கும் அளவுதான். பத்துப் பேர் அரட்டை அதற்கும் மேலே. மேஜை முழுவதையும் பிடிக்கப் பார்க்காதே. நிதானமாகப் பேசும் ஒருவர் பக்கத்தில் உட்கார்.

எனக்குக் கவலை அந்த 'யா'தான். ஓடும் இயந்திரத்தின் முன்னால் புரியாமல் தலையாட்டினால் கை போய்விடும். 'பிட்டெ லாங்சாம், அவுஃப் ஹோக்டாய்ச்' (தயவுசெய்து மெதுவாக, பொதுவழக்கில்) என்று கேள். அப்புறம், செய்யப்போவதை உன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு மெஷினைத் தொடு. கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று தயங்காதே. கேட்காத இன்டர்னைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர்கள் பயப்படுவார்கள்.

நாள் முழுக்க வேற்றுமொழியில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் மாலையில் பேசப் பிடிக்காது. அது அசதி. மதிய இடைவேளையில் கொஞ்சம் வெளிச்சத்தில் நட. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் அங்கேயே ஒரு குடும்ப டாக்டரைப் பார். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே: அங்கே 0800 111 0 111 என்ற எண்ணில் இரவு பகல் இலவசமாகப் பேசலாம்.

குளிர்காலத்தில் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். நீ இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அப்பா அரைத்தூக்கத்தில் என்ன கேட்பார்? ஞாயிறு காலை பத்துக்குக் கூப்பிடு. இங்கே இரண்டரை, தோட்டத்திலிருந்து வந்து சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு மேஜையில் முழித்த கதையைச் சொல்லு, சிரிப்பார். கடனைப் பற்றி அவராக எடுக்காதவரை நீ எடுக்காதே.