ஆறு துப்புரவாளர்கள், மாதம் 9,300 வெள்ளி: இந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது?

கேள்வி: எங்கள் கொண்டோமினியத்தில் 320 வீடுகள். துப்புரவுக் குத்தகைக்கு மூன்று விலைப்பட்டியல்கள் வந்துள்ளன. தினமும் ஆறு பேர், வாரம் ஏழு நாளும் வேலை. மிகக் குறைந்தது மாதம் 9,300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), அதிகபட்சம் 15,600. குறைந்ததை ஏற்பதில் சிக்கல் ஏதும் உண்டா?
- நிர்வாகக் குழுச் செயலாளர், செராஸ்

பதில்: உண்டு. 9,300ஐ ஆறால் வகுத்தால் தலைக்கு 1,550 வெள்ளி வருகிறது. 2025 பிப்ரவரி முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் எவரும் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. சவர்க்காரம், துடைப்பம், மேற்பார்வையாளர், குத்தகையாளரின் லாபம் என எதையும் சேர்ப்பதற்கு முன்பே கணக்கு உதைக்கிறது.

உள்ளூர்த் தொழிலாளி ஒருவருக்கு 1,700 வெள்ளிச் சம்பளத்தோடு முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி சேர்கிறது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் வேலைக் காப்புறுதிக்கும் ஏறத்தாழ 30 வெள்ளி. ஆக, ஒருவருக்கு 1,950 வெள்ளி ஆகிறது. வெளிநாட்டவர் என்றால் சேமநிதிப் பங்கு 2 விழுக்காடுதான், ஆனால் ஆண்டுக்கு 1,850 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அரசுக் கட்டணம், கட்ட வேண்டும். அப்போதும் 1,550க்குள் அடங்காது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு சட்டப்படி கட்டாயம் என்பதால், தினமும் ஆறு பேர் நிற்க வேண்டுமானால் ஏழு பேரை வைத்திருக்க வேண்டும். ஏழு பேருக்கு 13,650 வெள்ளி. உங்களுக்கு வந்தவற்றுள் 15,600 கேட்டவர்தான் நேர்மையாகக் கணக்குப் போட்டிருப்பவர் போலத் தெரிகிறது.

9,300க்கு ஒப்புக்கொண்டவர் மீதியை எங்கிருந்து எடுப்பார்? ஓய்வு நாளைப் பிடுங்குவார், மிகைநேரப் பணத்தை விழுங்குவார், சேமநிதியைக் கட்டாமல் விடுவார், பெர்மிட் இல்லாதவரைப் பிடித்து வந்து கடைவீட்டு மாடியில் அடைத்து வைப்பார். ஊரில் கடன் வாங்கி முகவருக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்த ஒருவர், அந்தக் கடன் தீரும்வரை எதையும் எதிர்த்துப் பேச மாட்டார் என்பது இத்தகைய குத்தகையாளர்களுக்கு நன்றாகத் தெரியும். கடன்பொறி, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) பறிப்பு, சம்பளத்தை நிறுத்தி வைத்தல், அளவுமீறிய மிகைநேரம் ஆகிய நான்கும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்புக்கு வகுத்துள்ள 11 அடையாளங்களில் அடங்கியவை. இவை குத்தகையாளரின் கொடுமையால் மட்டும் நடப்பவை அல்ல. முகப்புக் கூடத்துக்குப் புதுப் பளிங்கு பதிக்கக் கைதட்டி ஒப்புதல் தந்துவிட்டு, துப்புரவுச் செலவு என்றதும் வெள்ளி வெள்ளியாகப் பேரம் பேசும் ஆண்டுக் கூட்டங்களும் இவற்றுக்குக் காரணம் என்பதை நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

இரண்டு விலைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை 320 வீடுகளுக்குப் பங்கிட்டால், வீட்டுக்கு மாதம் 20 வெள்ளிக்கும் குறைவு. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் முன்வையுங்கள். குத்தகையில் கையெழுத்திடும் முன், மாதந்தோறும் சம்பளச் சீட்டுகளையும், வங்கிவழிச் சம்பளம் போட்டதற்கான சான்றையும், சேமநிதி, சொக்சோ பட்டியலையும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை எழுத்தில் சேருங்கள். தொழிலாளர்களுக்குத் தங்குமிடம் தரும் குத்தகையாளரிடம், தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் ஆள்பல இலாகாவின் தங்குமிடச் சான்றிதழைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பணிப்பெண் ஓடிவிடக்கூடும் என்பதால் கடப்பிதழை நாமே வைத்துக்கொள்ளும்படி முகவர் சொல்கிறார். சரியா?
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: குற்றம். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி 10,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். இன்றே திருப்பிக் கொடுத்து, பூட்டும் சாவியும் உள்ள இழுப்பறை ஒன்றையும் அவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: நான் சேவையை வாங்குபவள் அல்ல, விற்க உழைப்பு மட்டுமே உள்ளவள். பட்டர்வொர்த்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறேன். குத்தகையாளர் மாறிவிட்டார். பழையவர் இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை. என் வங்கி அட்டையும் மேற்பார்வையாளரிடமே உள்ளது. நான் கேட்கலாமா?

பதில்: அம்மா, இந்தப் பகுதியில் முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். முதலில் வங்கிக்கு அடையாள அட்டையுடன் சென்று, அந்த அட்டையை முடக்கிப் புதிய அட்டை பெறுங்கள். பிறகு ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா எனப்படும் ஆள்பல இலாகாவில் புகார் கொடுங்கள், வழக்கறிஞர் தேவையில்லை. சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை ஒப்பந்தம், வருகைப் பதிவின் படங்கள், மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், பழைய சம்பளம் வரவான கணக்கறிக்கை அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்கீழ், குத்தகை விட்ட நிறுவனத்தையும் பொறுப்பேற்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கோரிக்கைக்குச் சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாள் கெடு உண்டு, எனவே தள்ளிப்போடாதீர்கள். உடன் வேலை செய்தவர்களுக்கும் பாக்கி இருந்தால், சேர்ந்தே போங்கள்.

கேள்வி: முகநூலில் பார்த்த முகவருக்கு 4,000 வெள்ளி முன்பணம் அனுப்பினேன். பணிப்பெண்ணும் வரவில்லை, முகவரின் தொலைபேசியும் அணைந்துவிட்டது. என்ன செய்வது?
- வாசகர், கெப்போங்

பதில்: காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி இத்தொழிலுக்கு உரிமம் வேண்டும். முகவர் உரிமம் பெற்றவரா என்று ஆள்பல இலாகாவிடம் கேட்கலாம். ஒரு மனிதரை உங்கள் வீட்டுக்கு வரவழைக்கும் விஷயத்தில், ஒரு குளிர்பெட்டி வாங்குவதற்கு எடுக்கும் சிரத்தையைக்கூட நீங்கள் எடுக்கவில்லை. பணிப்பெண் வராதது குறித்தே எழுதியிருக்கிறீர்கள்; அதே முகவரிடம் ஊரில் பணம் கட்டியிருக்கக்கூடிய பெண்ணின் நிலை என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: மணிக்கணக்கில் வந்து வீட்டைக் கழுவித் தரும் சேவையை அழைக்கிறோம். வருபவர் சுரண்டப்படுகிறாரா என்று எப்படி அறிவது?
- ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: விலையிலிருந்து தொடங்குங்கள். குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி 72 காசு; சேமநிதியும் சொக்சோவும் சேர்த்தால் 10 வெள்ளி. இதற்குமேல் பயணம், பொருள், நிறுவனச் செலவு எல்லாம் இருக்கின்றன. ஆகவே மணிக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி என்று விளம்பரம் வந்தால் அழைக்காதீர்கள்.

வீட்டைப் புதுப்பித்த பிறகு, தீபாவளி நெருங்கிய அவசரத்தில் நானும் இப்படியொரு மலிவுச் சேவையை வாங்கினேன். வேன் ஒன்று இரண்டு பெண்களை இறக்கிவிட்டுப் போனது. தரையில் காய்ந்திருந்த சிமெண்டுக் கறைக்கு ஆசிட் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், கையுறை கொடுக்கவில்லை. ஒருவரின் விரல் நுனிகளில் தோல் உரிந்து வெளிறியிருந்தது. மற்றவர் அதே வாளியில் குளோரக்ஸ் எனும் வெளுப்பானை ஊற்றப் போனார். ஆசிட்டும் குளோரக்ஸும் கலந்தால் நச்சுவாயு எழும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மதியச் சோறு கொண்டுவரவில்லை, கைத்தொலைபேசி வேன் ஓட்டுநரிடம் இருந்தது, சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும் இருவரும் வாசலைப் பார்த்தார்கள்.

இத்தகைய அடையாளங்களைக் கண்டால், மேற்பார்வையாளர் முன்னிலையில் விசாரிக்காதீர்கள். உங்கள் வீட்டைவிட்டுப் போனபின் அதன் விளைவை அனுபவிப்பவர் அந்தப் பெண்தான். தனியாக இருக்கும்போது, கடப்பிதழ் யாரிடம், தங்குமிடத்திலிருந்து தானாக வெளியே போக முடியுமா, சம்பளம் கைக்கு வருகிறதா என்று மென்மையாகக் கேளுங்கள். 2023 ஜனவரி முதல் கட்டாய உழைப்பு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 90பி பிரிவில் தனிக் குற்றமாக உள்ளது. ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. ஆனால் பெர்மிட் இல்லாத ஒருவர், புகார் என்றாலே குடிநுழைவு இலாகாவின் தடுப்பு முகாமை நினைத்து அஞ்சுவார். எனவே 1991 முதல் புலம்பெயர் தொழிலாளர்களுக்காக உழைத்துவரும் தெனாகானித்தா போன்ற அமைப்பிடம் முதலில் ஆலோசனை கேளுங்கள். அந்தப் பெண் சம்மதித்த பிறகு புகாரைக் கொடுங்கள்.